வாசகர் கேள்வி: வெயிலில் காற்று எவ்வளவு குடிக்கிறது?

கே: மொட்டை மாடிக்கு வரும் புற ஊதாவை எக்செலில் கணக்கிட்டேன். ஓசோன் 260 டாப்சன் (ஓசோன் அளவின் அலகு), அலைநீளம் 305 நானோமீட்டர், சித்திரை உச்சி வெயில். ஓசோனைத் தாண்டி 5 சதவீதம்கூட தரைக்கு வரவில்லை. சரியா?
- கல்லூரி மாணவி, மன்னார்குடி

ப: இல்லை, ஐந்து மடங்குக்கு மேல் குறைத்துவிட்டீர்கள். 1 டாப்சன் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேலே 2.687×10¹⁶ மூலக்கூறு. 260-க்கு சுமார் 7×10¹⁸. 305-இல் ஓசோனின் உறிஞ்சல் குறுக்குப்பரப்பு, அதாவது ஒரு மூலக்கூறு ஒளியை மறிக்கும் பரப்பு, ஏறத்தாழ 1.9×10⁻¹⁹ சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் ஒளித்தடிமன் (பாதை ஒளியை எவ்வளவு மங்கவைக்கிறது என்ற எண்) 1.33. மைனஸ் போட்டு எக்ஸ்ப் ஃபங்ஷனில் கொடுத்தால் 26 சதவீதம் வரும். நீங்கள் 10-இன் அடுக்காகப் போட்டிருக்கிறீர்கள், அதற்குத்தான் 4.7 வரும். கெமிஸ்ட்ரி லேபில் 10-இன் அடுக்கில் அப்சார்பன்ஸ் (உறிஞ்சல் அளவு) பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. குறுக்குப்பரப்பு அட்டவணைகள் இயல் மடக்கைக்கானவை (e-இன் அடுக்கு).

சித்திரை முதல் வாரத்தில் டெல்டாவில் சூரியன் தலைக்கு நேரே, அதனால் காற்றுப்பாதை (நேர் செங்குத்தோடு ஒப்பிட்ட நீளம்) 1. சூரியன் 30 பாகை உயரத்துக்கு இறங்கினால் பாதை 2. அந்த 26 வெறும் 7 ஆகும்.

அட்டவணையின் வெப்பநிலையையும் பாருங்கள். ஓசோன் பெரும்பாலும் உறைகுளிரான உயரத்தில் இருக்கிறது. அறை வெப்பநிலை எண்ணைப் போட்டால் உறிஞ்சல் கூடுதலாகத் தெரியும். 305-இல் சிறிது, 320-ஐத் தாண்டினால் நிறைய.

இதெல்லாம் ஓசோன் மட்டும். காற்று மூலக்கூறுகளின் சிதறல் தனி. சிதறியது முழுதும் தொலைவதில்லை, ஏறத்தாழ பாதி வானத்திலிருந்து இறங்கும். பந்தல் நிழலிலும் தோல் கறுப்பது அதனால்தான். அதையும் 'உறிஞ்சல்' என்று கழித்துவிடாதீர்கள்.

கே: நிறமாலைமானியில் 760 நானோமீட்டரில் ஆக்சிஜன் ஒளியை உறிஞ்சுவதால் வரும் பள்ளத்தை அளந்தேன். காற்றுப்பாதை இரட்டித்தும் உறிஞ்சல் இரட்டிக்கவில்லையே?
- இயற்பியல் ஆசிரியர், கும்பகோணம்

ப: இரட்டிக்காது. ஓசோன் பட்டை வழுவழுப்பானது, நேரே பெருக்கலாம். ஆக்சிஜன் பட்டையோ நெருக்கமான கோடுகளின் கூட்டம், ஒவ்வொன்றும் 0.01 நானோமீட்டருக்கும் குறுகல். உங்கள் கருவி 1 நானோமீட்டரை ஒன்றாகப் பார்க்கிறது. கோட்டின் நடுவில் ஒளி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, ஓரங்களில்தான் மிச்சம். வலுவான கோடுகளில் பாதை இரட்டித்தால் உறிஞ்சல் சுமார் 1.4 மடங்குதான்.

ஹைட்ரான் (HITRAN, வாயுக்களின் உறிஞ்சல் கோடுகளின் தரவுத்தளம்) கோட்டுப் பட்டியலை எடுங்கள். வளிமண்டலத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, அந்தந்த அழுத்தம், வெப்பநிலைக்கு 0.0005 நானோமீட்டர் படியில் ஒளித்தடிமன் கூட்டுங்கள். ஊடுருவலைக் கண்ட பிறகே கருவியின் அகலத்துக்குச் சராசரி. குறுக்குப்பரப்பை முதலிலேயே சராசரி செய்தால் உறிஞ்சல் மிகையாகிவிடும். ஹைட்ரானின் அலைநீளங்கள் வெற்றிடத்துக்கானவை. காற்றில் அளந்ததோடு ஒப்பிட்டால் 0.2 நானோமீட்டர் தள்ளி நிற்கும்.

கே: வேதாரண்யத்தின் கடற்காற்று ஈரம் புற ஊதாவைத் தடுக்குமா?

ப: நீராவி தடுக்காது. அதன் வேலை 720, 820, 940 நானோமீட்டர் பக்கம். மேகம் வேறு கணக்கு.