கணக்கு முடிப்பதற்கு முன் எதைப் பார்ப்பது? வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கான கேள்வி பதில்

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும் முன் வேலையை எப்படிச் சோதிப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லும் அளவுகள் வேலையிடத்தில் பொதுவாகக் கடைப்பிடிப்பவை. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், குளியலறையை முழுக்க இடித்துப் புதிதாகச் செய்கிறோம். டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பாக்கியைக் கொடுக்கலாமா?

வேண்டாம். குளியலறையில் பெரிய செலவு வைக்கும் கோளாறுகள் எல்லாம் டைல்ஸுக்குக் கீழேயும் சுவருக்குள்ளேயும்தான் இருக்கின்றன. கடைசி நாளில் போய் நின்றால் மேல் பூச்சைத்தான் பார்க்க முடியும். ஆகவே பணத்தைத் தவணைகளாகப் பிரித்து, எது மூடப்படப் போகிறதோ அதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு தவணையையும் வையுங்கள். சுவரில் காடி (குழாய் பதிக்கும் பள்ளம்) எடுத்துக் குழாய் பதித்தபின், பூசுவதற்கு முன் ஒன்று. வாட்டர்புரூஃப் பூச்சு காய்ந்து தண்ணீர் தேக்கிப் பார்த்தபின், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒன்று. மற்றவை பிறகு.

தண்ணீர் தேக்கும் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் போகும் வாயை நன்றாக அடைத்து, 25 முதல் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துத் தேதியும் மணியும் எழுதுங்கள். குறைந்தது 24 மணி நேரம் நிற்கட்டும், 48 கிடைத்தால் இன்னும் நல்லது. அதே அறையில் ஒரு தட்டிலும் தண்ணீர் ஊற்றி அதன் மட்டத்தையும் குறித்து வையுங்கள். தட்டில் குறைவது காற்றில் ஆவியாகும் அளவு. தரையில் அதைவிட அதிகமாகக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது அடைத்த வாய் வழியாகப் போகிறது. கீழ்த்தளத்தின் கூரையையும், குளியலறைச் சுவரின் மறுபக்கத்தையும், வாசற்படி ஓரத்தையும் பாருங்கள். குழாய் தரையைத் துளைத்துப் போகும் இடத்திலும், சுவரும் தரையும் சேரும் மூலையிலும்தான் பெரும்பாலும் ஒழுகும்.

கேள்வி: எங்கள் வீட்டில் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. தண்ணீர் தேக்கிப் பார்க்கவே இல்லை. இனி என்ன செய்வது?

இப்போதும் தேக்கிப் பாருங்கள். கசிந்தால் உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆனால் பாக்கிப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே அது தெரிவது நல்லது. சுவருக்குள் இருக்கும் குழாய் கசிகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. எல்லா வாய்களையும் மூடிவிட்டு, ஷவர் பொருத்தும் ஒரு வாயில் அழுத்தமானியுடன் கைப் பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றலாம். ஹீட்டர் வால்வை முதலில் மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: அழுத்தச் சோதனை என்கிறீர்களே, எவ்வளவு அழுத்தம்? எங்கள் பிளம்பர் "மோட்டார் போட்டுப் பார்த்தாச்சு, ஒழுகல" என்கிறார்.

மோட்டார் போட்டுப் பார்த்தது போதாது. குழாயில் வழக்கமாக வரும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, வால்வை மூடிவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் குழாய் சற்று விரிவதால் முள் கொஞ்சம் இறங்கலாம். மறுபடி ஏற்றிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. பசை ஒட்டிய இணைப்புகளானால், பசை இறுக அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழிந்த பிறகே சோதிக்க வேண்டும். தண்ணீரால் மட்டும் சோதியுங்கள். பிளாஸ்டிக் குழாயில் காற்றை ஏற்றினால் வெடித்துச் சிதறி ஆளைக் காயப்படுத்தும்.

சோதனை முடிந்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது படத்திலேயே தெரிய வேண்டும். பின்னாளில் கண்ணாடி மாட்ட ஓட்டை போடுகிறவர் குழாயைத் துளைக்காமல் இருக்க அந்தப் படங்கள்தான் உதவும்.

கேள்வி: டைல்ஸைத் தட்டினால் சில இடங்களில் டொப் டொப் என்று கேட்கிறது. மேஸ்திரி அது சகஜம் என்கிறார். விடலாமா?

எங்கே கேட்கிறது என்பதைப் பொறுத்தது. தரை டைல்ஸின் மூலையிலும் விளிம்பிலும் வெற்றுச் சத்தம் வந்தால் ஏற்காதீர்கள். கனமான சாமான் வைக்கும்போதும் நாற்காலிக் கால் படும்போதும் அந்த மூலை உடையும். நடுவில் உள்ளங்கைக்கும் குறைவான இடத்தில் மட்டும் கேட்டால், காய்ந்த அறையில் நான் விட்டுவிடுவேன். குளியலறைத் தரையில் அதையும் விடமாட்டேன், அந்த வெற்றிடத்தில் தண்ணீர் போய்த் தங்கும். ஒரு நாணயமோ மரக்குச்சியோ எடுத்து ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையையும் நடுவையும் தட்டுங்கள். மோசமானவற்றில் சாக்பீஸால் குறியிட்டுப் படம் எடுங்கள்.

இன்னும் ஒட்டாதவர்களுக்கு: ஒட்டும் நாளில் அங்கே இருங்கள். அப்போதுதான் பதித்த ஒரு டைல்ஸைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பின்புறத்தில் பசை காய்ந்த அறையில் 80 சதவீதமாவது, ஈரம் படும் இடத்தில் 95 சதவீதமாவது பரவியிருக்க வேண்டும். ஐந்து இடத்தில் உருண்டை உருண்டையாகப் பசை வைத்து அமுக்கியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். நாளை வரும் டொப் சத்தம் முழுவதும் அந்த உருண்டைகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

கேள்வி: தரையின் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஈரம் இருக்கலாம், குட்டையாக நிற்கக் கூடாது. அளந்து பார்ப்பதானால் குளியலறையில் மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. சரிவு இருக்கட்டும். மொட்டைமாடிக்கு மீட்டருக்கு 10 மி.மீ.யாவது வேண்டும்.

கேள்வி: அண்ணா, எனக்குக் கரண்ட் விஷயம் ஒன்றும் தெரியாது, பயமும் உண்டு. எலக்ட்ரீஷியனுக்கு முழுப் பணம் கொடுக்கும் முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. எதையும் திறக்காமலே பல விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலில், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அது சட்டென்று விழுந்து கரண்ட் நிற்க வேண்டும். அதன் மேல் 30 எம்ஏ (மில்லிஆம்பியர்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், ஆளைக் காப்பாற்றுவதற்கான அளவு அது. ஆனால் பொத்தான் அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கும். பிளக் பாயிண்டுக்கு எர்த் வந்திருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு சாக்கெட் டெஸ்டர் என்று சின்னக் கருவி கிடைக்கும். ஒவ்வொரு பாயிண்டிலும் செருகினால் எர்த் இல்லை, பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது போன்றவற்றை விளக்கிலேயே காட்டிவிடும். ஒரு பாயிண்டையும் விடாதீர்கள், அலமாரிக்குப் பின்னால் போகப்போகும் பாயிண்டையும் சேர்த்து.

அடுத்தது கம்பியின் தடிமன். விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 என்பது பரவலான வழக்கம். கம்பியின் உறையிலேயே அளவு அச்சடித்திருக்கும். இழுக்கும் நாளிலேயே கம்பிச் சுருளைப் படம் எடுங்கள். பிரேக்கர் என்பது அளவுக்கு மேல் கரண்ட் போனால் துண்டிக்கும் சுவிட்ச். கம்பி தாங்கும் அளவைவிடப் பெரிய பிரேக்கர் போட்டிருந்தால், பிரேக்கர் விழும் முன்னே கம்பி சூடேறி உறை உருகும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று நீங்கள் புகார் சொல்லி, அவர் பிரேக்கரை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டுப் போனால் அது தீர்வு ஆகாது. எந்தப் பிரேக்கரிலிருந்து எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஏசி, ஹீட்டர், அடுப்பு என்று பெரியவற்றை எல்லாம் ஒன்றாக ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சுவிட்ச் போர்டின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ கருகிய வாசனையோ வந்தால் மெயினை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். கம்பிகளின் காப்பு எதிர்ப்பை, அதாவது உறை கரண்டைக் கசியவிடாமல் தடுக்கும் அளவை, உரிமம் பெற்ற ஒருவர் மெகர் என்ற கருவியை வைத்து அளந்து எழுத்தில் தர வேண்டும். அதில் ஒரு மெகாஓமுக்குக் குறைவாக எந்தச் சுற்றும் காட்டக் கூடாது. அதை நீங்களே செய்யப் போகாதீர்கள்.

கேள்வி: புதுப் பூச்சில் விரிசல். பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும் என்கிறார்கள்.

மறையும், பிறகு திரும்ப வரும். தலைமுடி போல வலைப்பின்னலாகப் படர்ந்திருந்தால் பூச்சு வேகமாகக் காய்ந்ததால் வந்தது. தட்டினால் கெட்டிச் சத்தம் வந்தால் பட்டி வைத்து நிரவிக்கொள்ளலாம், வெற்றுச் சத்தம் வந்தால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். காடி எடுத்த வழியே நேர்கோடாக வந்தால், அல்லது தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் வந்தால், விரிசலைத் தடுக்கப் பூச்சுக்குள் வைக்கும் வலையை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். வெட்டி எடுத்து, வலை வைத்து மறுபடி பூசச் சொல்லுங்கள்.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, சுவரின் இரண்டு பக்கமும் தெரிவது, நாளுக்கு நாள் நீள்வது இவை வேறு வகை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். புதுப்பிக்கும்போது ஏதாவது ஒரு சுவரை எடுத்திருந்தீர்களானால், காத்திருக்காமல் இன்றே கூப்பிடுங்கள்.

கேள்வி: சுவர் மட்டமும் பெயிண்டும் பார்ப்பது எப்படி?

இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பகலில் கண்ணில் படாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். 2 மீட்டர் நேர்க்கட்டையைச் சாய்த்து வைத்தால் இடையில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இதைப் பட்டி பார்த்ததும், பெயிண்டுக்கு முன்பே செய்யுங்கள்.

ஓதம் இருக்கிறதா என்று சந்தேகமானால் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் பணம் வீண்.

கேள்வி: கதவு, அலமாரி?

கதவைப் பாதி திறந்து விடுங்கள். தானாக ஆடிப் போனால் நிலையோ கீலோ தூக்குக்குண்டுக்கு நேராக இல்லை. கதவின் அடி விளிம்பில் பெயிண்ட் பட்டிருக்கிறதா என்று முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே அடித்திருக்க மாட்டார்கள், ஈரம் அங்கிருந்துதான் ஏறும். அலமாரியில் சிங்க்கின் கீழே இருக்கும் பலகையின் வெட்டு விளிம்புகள் மூடியிருக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: ஐயா, எங்கள் மேஸ்திரி இருபது வருடப் பழக்கம். தட்டிப் பார்த்தால் நம்பிக்கை இல்லையா என்று வருத்தப்படுவார். எப்படிச் சொல்வது?

அவர் இல்லாதபோது தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு குற்றம் சொன்னால்தான் வருத்தம் வரும். நாணயத்தை அவர் கையிலேயே கொடுங்கள். "அண்ணே, வாங்க, சேர்ந்து பார்த்துடலாம், விட்டுப்போனதை எழுதிக்கலாம்" என்று கூப்பிடுங்கள். நல்ல வேலைக்காரர் உங்களுக்கு முன்னால் குறையைக் காட்டுவார். வேலை தொடங்கும்போதே "தண்ணீர் தேக்கிப் பார்த்துத்தான் டைல்ஸ்" என்று பேசிவைத்துவிட்டால், அது ஆளின் மேலான சந்தேகமாகத் தெரியாது, வேலையின் ஒரு கட்டமாகவே இருக்கும்.

கேள்வி: குறை இருந்தால் எவ்வளவு பணத்தை நிறுத்தி வைப்பது? முழுப் பாக்கியையும் நிறுத்தலாமா?

முழுவதையும் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்தில் கொத்தனார், சித்தாள் கூலியும் இருக்கிறது. அவர்கள் சரியாகச் செய்த வேலைக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். அறைவாரியாகக் குறைப்பட்டியல் எழுதுங்கள்: என்ன குறை, எந்த இடம், படம், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார். இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு குறையையும் வேறொருவரை வைத்துச் சரிசெய்தால் என்ன ஆகுமோ அந்தத் தொகையை நிறுத்தி, மீதியைக் கொடுத்துவிடுங்கள். சின்னக் கீறலுக்காகப் பெரிய தொகையைப் பிடித்தால் அவர் திரும்ப வரமாட்டார்.

அது தவிர, மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதத்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தருவதாக முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு மழைக்காலம் அதற்குள் வந்துபோகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு இதைக் கேட்டால் சண்டைதான் வரும்.

கேள்வி: குறையெல்லாம் சரியாகிவிட்டது. கடைசிப் பணம் கொடுக்கும்போது கையில் என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

மூடுவதற்கு முன் எடுத்த படங்கள், பிரேக்கர் பட்டியல், மெகர் அளவு, ஹீட்டர், மோட்டார், வாட்டர்புரூஃப் பொருளின் உத்தரவாத அட்டைகள், பெயிண்ட் நிற எண், எல்லாச் சாவிகளும். மிஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியை அவர் வண்டியில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே நிறம், அதே தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) கிடைப்பது கடினம். பணம் பெற்றுக்கொண்டதாக ரசீதில் கையெழுத்து வாங்கும்போது, நிறுத்திவைத்த தொகையையும் அது தரவேண்டிய தேதியையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.