யாருடைய தோலில் செய்த ஆய்வு? தோல் மருத்துவரிடம் சில கேள்விகள்

தோல் சிகிச்சை, மருந்துகளின் பாதுகாப்பு, தோல் புற்றுநோய் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பாதி முகத்தைப் பற்றியவை. என் வெளிநோயாளர் வரிசையும் அப்படித்தான் இருக்கும், அதனால் வியப்பில்லை. படம் அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை: படத்தை வைத்து நோயின் பெயர் சொல்ல மாட்டேன். மருந்தைப் பற்றியும் அதன் பின்னால் உள்ள ஆய்வைப் பற்றியும் சொல்கிறேன்.

ஈரோடு, 31 வயதுப் பெண்: மங்குக்கு மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க. பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆச்சு. மூணு வருஷமா போடுறேன். இப்ப ரெண்டு நாள் விட்டாலே முகம் செவந்து எரியுது, திரும்பப் போட்டா அடங்குது. நல்ல மருந்துதானே டாக்டர்?

போட்டால் அடங்குகிறதே, உங்களை மூன்று வருடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். அந்த ட்யூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், தோல் செல்களை வேகமாகப் புதுப்பிக்கும் ட்ரெடினாயின், ஒரு ஸ்டீராய்டு. இப்படி மூன்றையும் கலக்கும் யோசனையை 1975இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மங்குக்கு இன்றும் இது நன்றாக வேலை செய்யும் மருந்து. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற கலவையில் வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சேர்த்தார்கள், அதையும் 8 வாரத்துக்குத்தான் பரிந்துரைத்தார்கள். நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அதைவிட வீரியம் கூடிய மொமெட்டசோன் இருக்கிறது. 8 வாரம் என்பதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும், தோலை மெலிய வைக்கும். நிறுத்தியதும் குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. அதனால்தான் சிவப்பும் எரிச்சலும். பருக்களும் மீசை முடியும் கூட வரலாம். 2011இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 12 மையங்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் 10க்கு 6 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. மீதிப் பேருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான், அதையும் மறைக்க வேண்டாம். 2018இல் அரசு இந்த வகைக் கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் கொண்டுவந்தது. பட்டியல் ட்யூபின் மேல் அச்சாகியிருக்கிறது, விற்பனை பழையபடி நடக்கிறது.

உங்களுக்கு: நிறுத்தத்தான் வேண்டும், தனியாக நிறுத்தாதீர்கள். சிலருக்கு வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவோம், சிலருக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு கொடுத்து அந்த எரியும் வாரங்களைத் தாண்ட வைப்போம். முகம் தெளிய மாதங்கள் ஆகலாம். முதல் மாதம் கண்ணாடியைப் பார்த்து அழுவீர்கள். அப்போது பழைய ட்யூப் வீட்டில் இருக்கக் கூடாது.

தம்மாம், 38 வயது ஆண்: இங்கிருந்து ஊருக்கு வாங்கிட்டுப் போற ஃபேர்னஸ் கிரீம்ல பாதரசம் இருக்குன்றாங்களே, உண்மையா?

பலவற்றில் இருக்கிறது. பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. முகம் வெளுக்கிறது, சிறுநீரகம் விலை கொடுக்கிறது. 2023இல் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் இறங்கிக் கால் வீங்கி வந்தவர்களிடம் மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, பலரிடம் இப்படிப்பட்ட கிரீம்கள்தான் பொதுவாக இருந்தன. கிரீமை நிறுத்தியதும் பலருக்குச் சரியானது. தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

திருவள்ளூர், 27 வயது ஆண்: தொடை இடுக்குல படர்தாமரை. எட்டு மாசமா மாத்திரை, கிரீம் எல்லாம் பாத்தாச்சு. இப்ப வீட்ல எல்லாருக்கும் இருக்கு. முன்னாடியெல்லாம் ரெண்டு வாரத்துல போயிடுமே?

முன்னாடி போனது வேறு பூஞ்சை, தம்பி. இப்போது நம் நாட்டில் பரவியிருப்பதற்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. இதில் பல வகைகளுக்கு டெர்பினாஃபின் என்ற வழக்கமான பூஞ்சை மருந்து வேலை செய்வதில்லை, அந்த மருந்து தாக்க வேண்டிய நொதியின் மரபணு மாறிவிட்டது. 2023இல் நியூயார்க்கில் கண்டறிந்த முதல் இருவரில் ஒருவருக்கு வங்கதேசம் போய்வந்த பின் வந்தது.

இவ்வளவு பரவியதற்கு ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த கிரீம்களுக்கும் பங்கு உண்டு என்றே தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறோம். அரிப்பு ஒரே நாளில் நிற்கும். உடம்பின் எதிர்ப்பு அடங்கியிருக்கும் இடத்தில் பூஞ்சை சாவகாசமாக வளரும், வட்டம் வட்டமாக இருந்த படை உருவம் மாறி எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போகும். இப்போது பெரும்பாலும் இட்ராகோனசோல் எழுதுகிறோம். அந்தக் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்குங்கள், அசிடிட்டி மாத்திரையோடு சேர்க்காதீர்கள், வயிற்றில் அமிலம் குறைந்தால் மருந்து உடம்பில் ஏறாது. இதய பலவீனம் இருந்தால் கூடவே கூடாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை, துண்டு ஆளுக்கொன்று.

நாகர்கோவில், 4 வயதுக் குழந்தையின் தாய்: கரப்பானுக்கு டாக்ரோலிமஸ் எழுதினாங்க. உள்ள இருந்த தாள்ல 'புற்றுநோய்'னு போட்டிருக்கு. பயந்து தூக்கிப் போட்டுட்டேன்.

பயந்தது நியாயம்தான். அந்த எச்சரிக்கை 2006இல் அமெரிக்காவில் சேர்க்கப்பட்டது. உறுப்பு மாற்றம் செய்தவர்கள் இதே மருந்தை வாய்வழியாக அதிக அளவில் எடுக்கும்போதும், விலங்குச் சோதனைகளிலும் நிணநீர்ப் புற்று கூடியதைப் பார்த்து முன்னெச்சரிக்கையாகச் சேர்த்தார்கள். பிறகு பூசும் குழந்தைகளையே தொடர்ந்து கவனித்தார்கள். 9 நாடுகளில் 7,954 குழந்தைகள்; முடிவு 2020இல் வந்தது. மொத்தம் 6 பேருக்குப் புற்றுநோய், அந்த வயதில் பொதுவாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையே அது. நிணநீர்ப் புற்று ஒருவருக்கும் இல்லை. எச்சரிக்கைத் தாள் மட்டும் அப்படியே மடித்து வருகிறது. முதல் சில நாட்கள் பூசிய இடம் எரியும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

தஞ்சாவூர், 58 வயது ஆண்: பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. தோல் புற்றுநோய் வரும் என்று வாட்சப்பில் வந்தது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் ஐயா. செய்தி பொய்யில்லை, முழுமையில்லை. டென்மார்க்கின் பதிவேடுகளில் இருந்து கிளம்பியது. இந்த மருந்து வெயிலுக்குத் தோலைக் கூச வைக்கும், பல ஆண்டுகள் சேர்ந்தால் தோலின் மேலடுக்குச் செல்களில் வரும் ஸ்குவாமஸ் செல் புற்று கூடுகிறது என்று கண்டார்கள். 2020இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கணக்குச் சொன்னது: ஆண்டுக்கு 16,000 பேருக்கு ஒருவர் கூடுதலாக. நீண்ட காலம் எடுத்து மொத்தம் 50,000 மில்லிகிராமைத் தாண்டிய வெள்ளையர்களில் 6,700 பேருக்கு ஒருவர். டேனிஷ்காரர் தோலும் தஞ்சாவூர்த் தோலும் வெயிலை ஒரே மாதிரி வாங்குவதில்லை. நமக்கு அந்தப் புற்று வருவதே குறைவு. எந்த ஆய்வைப் படித்தாலும் 'யாருடைய தோலில் செய்தது?' என்று நான் முதலில் பார்ப்பேன். பிரஷர் ஏறினால் வரும் பக்கவாதம் நிறம் பார்த்து வராது. வெண்குஷ்டமல்ல, பிறவியிலேயே உடல் முழுதும் நிறமி இல்லாதவர் என்றால் கணக்கு வேறு, மாத்திரையை மாற்றச் சொல்வேன்.

சென்னை, 24 வயதுப் பெண்: சன்ஸ்க்ரீன் ரத்தத்துல கலக்குதாமே? அப்புறம் நம்ம கலருக்கு அது தேவையா?

கலக்கிறது. எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் 2019இல் 24 பேருக்கும் 2020இல் 48 பேருக்கும் பூசி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதிலுள்ள அவோபென்சோன், ஆக்சிபென்சோன் போன்ற வேதிப்பொருட்கள், மேற்கொண்டு பாதுகாப்புச் சோதனை தேவை என்ற வரம்பைத் தாண்டின. வரம்பைத் தாண்டியது தீங்கு என்று பொருளல்ல, இன்னும் சோதிக்க வேண்டும் என்றுதான் பொருள். மனம் ஒப்பவில்லையா, சிங்க் ஆக்சைடு உள்ளதைப் போடுங்கள்.

புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் இருந்து. 1992இல் 1,621 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதியைத் தினமும் பூச வைத்தார்கள். ஸ்குவாமஸ் புற்று 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பத்தாண்டு கழித்து எண்ணியபோது, நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற புற்று தினமும் பூசியவர்களில் 11, மற்றவர்களில் 22. அழகான ஆய்வு, ஆனால் அங்கே வெளுத்த தோல், குயின்ஸ்லாந்து வெயில். நம் ஊரில் புற்றுக்குப் பயந்து சன்ஸ்க்ரீன் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மங்கு, லூபஸ், வெயில் அலர்ஜி இருந்தால் எழுதுவேன். மங்குக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கூட்டும், வெள்ளைக் கிரீம் அதைத் தடுக்காது.

விருதுநகர், 45 வயது ஆண்: சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட். வேகமாகக் குணமாகத் தினமும் போடலாமா?

கூடாது. வாரத்தில் ஒரே நாள். தினமும் விழுங்கி எலும்பு மஜ்ஜை ஒடுங்கி இறந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை இதற்காகவே அட்டைப்பெட்டி எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நான் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி அடிக்கோடு போடுவேன். ஏற்கெனவே தினமும் போட்டிருந்தால், வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வரும்வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கரூர், 23 வயதுப் பெண்: பருவுக்கு ஐசோட்ரெடினாயின் எடுக்கிறேன். தை மாசம் கல்யாணம்.

கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் முழுதாகக் கழிய வேண்டும், அதுவரை கரு தரிக்கக் கூடாது. குழந்தையின் மூளை, இதயம், காது உருக்குலையலாம். கூச்சப்படாமல் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேலூர், 52 வயதுப் பெண்: இடுப்புல உள்பாவாடை நாடா கட்டுற இடம் கறுத்து, செதில் செதிலா உரியுது. ஒரு இடத்துல புண் ஆறவே மாட்டேங்குது.

இந்தக் கேள்வியை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் கேட்காது. 1945இலேயே பம்பாயில் கானோல்கரும் சூரியபாயும் வேட்டி இறுக்கும் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி எழுதினார்கள். சேலை கட்டுபவர்களிடமும் அதே இடத்தில் பார்த்திருக்கிறோம். 2024இல் மகாராஷ்டிரம், பிகார் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒருவர் உள்பாவாடையே இல்லாமல் சேலையை இறுக்கிக் கட்டியவர். ஆகவே குற்றம் நாடா மீது மட்டுமில்லை. ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்காக உராய்வு, வியர்வை, ஆறாத புண்: அங்கே செல்கள் தடம் மாறுகின்றன. காஷ்மீரில் குளிருக்காகத் தணல் நிரப்பிய காங்கிரிச் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்பவர்களுக்குச் சூட்டால் வருவதும் இந்த இனப் புற்றுதான்.

கறுத்துப் போன இடுப்பு எல்லாம் புற்று இல்லை, அது மிக அரிது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணைச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இந்த வாரமே காட்டுங்கள். மற்றவர்கள் நாடாவை அகலப் பட்டையாக மாற்றுங்கள், தளர்த்திக் கட்டுங்கள், வீட்டில் நைட்டிக்கு மாறினால் இன்னும் நல்லது.

தென்காசி, 33 வயது ஆண்: அப்பாவுக்கு 62, சர்க்கரை இருக்கு. குதிகால்ல ஒரு கறுப்பு. ஆணின்னு ரெண்டு தடவை சீவி விட்டாங்க. பெருசாகுது. கத்தி பட்டா பரவிடும்னு பயந்து அப்படியே விட்டுட்டோம்.

இருக்கும் கேள்விகளில் இதற்குத்தான் அவசரம். மெலனோமா வெள்ளையருக்கு வெயில்பட்ட முதுகிலும் காலிலும் வரும். நம்மவர்களுக்கு வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. வெயிலுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இதே வகையில்தான்.

சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியால் பரவாது. எடுக்காமல் கடத்திய மாதங்களில்தான் ஆழம் போகும். இந்நோயில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது மில்லிமீட்டர். 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் சொன்ன, கட்டியின் அந்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் வெட்டி எடுத்தாலே பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவியில் பார்த்தால், சாதாரண மச்சத்தில் நிறம் பாதரேகையின் பள்ளத்தில் ஓடும், மெலனோமாவில் மேட்டில் ஓடும். ஜப்பானியர் கண்டுபிடித்தது, அவர்கள் பாதமும் நம் பாதமும் இதில் ஒன்றே. சீவிய துணுக்கை எவரும் சோதனைக்கு அனுப்பவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

பரவியிருந்தாலும் இன்று கைவிரித்துவிடுவதில்லை. 2018 நோபல் பெற்ற ஆலிசன், ஹோன்ஜோ இருவரின் கண்டுபிடிப்பில் இருந்து வந்த, உடலின் எதிர்ப்புசக்தியைப் புற்றின் மீது ஏவும் மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், முற்றிய நிலையில் சேர்ந்தவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குக் குடல், கல்லீரல் என்று கடும் பக்கவிளைவு. சிலருக்கு உடலில் வெண்திட்டு வரும். ஊரில் அதற்கு அழுவார்கள், இந்த நோயில் அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான நல்ல அறிகுறி. ஆனால் அந்த ஆய்விலும் பெரும்பாலோர் வெள்ளையர். உள்ளங்கால் வகைக்குப் பலன் அதைவிடக் குறைவு. அதனால்தான் சீக்கிரம் என்கிறேன்.

அவரே மீண்டும்: அப்பா வர மாட்டேங்குறார் டாக்டர். கேன்சர்னு சொன்னா இன்னும் மாட்டார்.

அந்த வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டாம், சோதனை முடியுமுன் சொல்ல எனக்கும் உரிமையில்லை. சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை காலைக் காட்ட வேண்டும், அது பொய்யில்லை. அதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றியதும் மீதியை அங்கிருக்கும் டாக்டர் பார்த்துக்கொள்வார். சீவிய துணுக்கு ஏதேனும் எஞ்சியிருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.