அறிவியல் கேள்வி-பதில்: துரத்திப் பிடித்த மான் ஏன் சாகிறது?

கேள்வி: காட்டு விலங்கைப் பிடித்தாலே அது மிரண்டுவிடும். பிறகு அதன் இயல்பான அழுத்த ஹார்மோன் அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: கடிகாரத்தை வைத்துத்தான். ஆபத்தைக் கண்டதும் முதலில் நரம்பு வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி சில விநாடிகளிலேயே அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டிவிடும். பிடித்த விலங்கில் அதன் பழைய அளவைப் பார்ப்பது நடவாத காரியம். அடுத்த அலை சுற்றுவழியில் வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சிஆர்எச் என்ற ஹார்மோனை விட, அது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து புறப்படும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியை எட்டியபின்தான் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் தயாராகும். முன்கூட்டியே செய்து வைத்த இருப்பு எதுவும் கிடையாது. இந்தத் தாமதம்தான் ஆய்வாளருக்கு வாய்ப்பு. சுமார் 3 நிமிடத்துக்குள் எடுத்த இரத்தத்தில் பழைய அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். 30 நிமிடம் கழித்து இன்னொரு மாதிரி எடுத்தால் எவ்வளவு ஏறியது என்பது தெரியும்.

இதில் அடிக்கடி நேரும் பிழை, கையில் எடுத்த நொடியிலிருந்து கணக்கிடுவது. பறவை வலையில் விழுந்த நொடியிலிருந்தே நேரம் ஓடுகிறது. இன்னொன்று: பறவை, ஊர்வன, எலி ஆகியவற்றில் முதன்மையான ஹார்மோன் கார்ட்டிகோஸ்டிரோன், அவற்றில் கார்ட்டிசாலை அளந்து வரும் எண்ணை நம்ப முடியாது. பிடிக்காமலே அறிய வேண்டுமானால் சாணத்தைச் சோதிக்கலாம். ஆனால் அது காட்டுவது சில மணி நேரம் முதல் ஒரு நாளோ அதற்கு மேலோ முந்தைய நிலையை. மாதிரியை உடனே உறைய வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் ஹார்மோன் எச்சங்களைச் சிதைத்துவிடும்.

கேள்வி: துரத்திப் பிடித்த மான் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, சில நாள் கழித்து இறப்பது ஏன்?

பதில்: இதற்கு கேப்சர் மயோபதி என்று பெயர். உச்ச வேகத்தில் ஓடும் தசைக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர்கிறது, உடல் சூடேறுகிறது, தசைச் செல்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம். தப்பினால், உடைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைச் சிதைக்கும். சிறுநீர் பழுப்பாகப் போனால் அதுதான் அறிகுறி. முற்றியபின் மருத்துவம் பெரும்பாலும் பலிக்காது. வெயில் நேரத்தில் பிடிக்காதீர்கள், துரத்தலைச் சில நிமிடங்களில் கைவிடுங்கள், கண்ணைக் கட்டுங்கள், பேச்சைக் குறையுங்கள். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மற்ற வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள்.

கேள்வி: நீடித்தால் நோயெதிர்ப்பைச் சரித்துக் கெடுதல் செய்யும் கார்ட்டிசாலை இயற்கைத் தேர்வு ஏன் விட்டுவைத்தது?

பதில்: கெடுதல் என்பது பாதிக் கதை. அட்ரினல் சுரப்பியை நீக்கிய விலங்கு சிறு நெருக்கடியிலேயே செத்துவிடும். பொய்யான பயத்துக்கு ஓடினால் கொஞ்சம் சர்க்கரைதான் நஷ்டம். உண்மையான ஆபத்தைக் கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும். சிக்கல் பெரும்பாலும் அலை எழுவதில் இல்லை, அடங்காமல் நீள்வதில். எல் நினோவால் (பசிபிக் கடல்நீர் சூடேறும் நிகழ்வு) உணவான கடற்பாசி அருகிய காலத்தில், கலாபகோஸ் தீவுகளின் கடல் ஓணான்களில் ஹார்மோனைத் திரும்ப அடக்கும் திறன் குறைந்தவையே அதிகம் மடிந்தன.

சில இனங்களில் அடங்காமல் போவதே ஏற்பாடு. ஆஸ்திரேலியாவின் ஆன்டெகைனஸ் என்ற சிறு பைம்மாவில், இனப்பெருக்கப் பருவத்தில் கார்ட்டிசாலைக் கட்டிவைக்கும் இரத்தப் புரதம் குறைந்து, கட்டற்ற கார்ட்டிசால் பெருகி, நோயெதிர்ப்பு சரிந்து, குடலில் புண் வந்து ஆண்கள் அனைத்தும் சாகின்றன. விதை நீக்கப்பட்ட ஆண்கள் பிழைத்துக்கொள்கின்றன. இயற்கைத் தேர்வின் கணக்கில் வருவது ஆயுள் அல்ல, குட்டிகள்.

கேள்வி: பூச்சிகளுக்கும் இது உண்டா?

பதில்: கார்ட்டிசால் கிடையாது. அட்ரினலின் செய்வதைப் போன்ற வேலையை ஆக்டோபமைன் செய்கிறது. முதுகெலும்பிகளில் மிகப் பழைய கிளையைச் சேர்ந்த, தாடையில்லா மீனான லாம்ப்ரேயிலும் கார்ட்டிசால் இல்லை. கார்ட்டிசால் உருவாவதற்கு முந்தைய படியான 11-டிஆக்சிகார்ட்டிசாலைக் கொண்டே அது சமாளிக்கிறது.