டிஜே பிளேயரில் ஒலிக்கும் பாடலைத் திரையில் காட்டுவது எப்படி? கேள்வி பதில்

பயனியர் டிஜே பிராண்டின் சிடிஜே, எக்ஸ்டிஜே வகைப் பிளேயர்களைக் கணினியுடன் இணைத்து, ஒலித்துக்கொண்டிருக்கும் பாடலின் பெயரை எல்இடி திரையிலோ நேரலையிலோ காட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சில ஆண்டுகளாக நிகழ்ச்சிகளில் இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. சிடிஜே-2000 நெக்சஸ் 2 பிளேயரை யூஎஸ்பி கேபிள் மூலம் லேப்டாப்பில் இணைத்தேன். பாடல் பெயர் எதுவும் வரவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: வணக்கம் தம்பி. நீங்கள் பயன்படுத்தியது வேறு வேலைக்கான வழி. கணினியிலுள்ள டிஜே மென்பொருளைப் பிளேயரின் பொத்தான்களால் இயக்குவதற்கே அந்த யூஎஸ்பி இணைப்பு. பென்டிரைவிலிருந்து ஒலிக்கும் பாடலின் விவரம் பிளேயரின் பின்புறமுள்ள லேன் துளை வழியாகத்தான் செல்கிறது. 2009இல் சிடிஜே-2000 வந்தபோது அறிமுகமான புரோ டிஜே லிங்க் என்ற இணைப்பு முறை அது. பிளேயர்கள், மிக்சர் (பிளேயர்களின் ஒலியைக் கலக்கும் கருவி), லேப்டாப் ஆகிய எல்லாவற்றையும் தனித்தனி லேன் கேபிளால் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் (பல லேன் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) செருகுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எட்டுத்துளை சுவிட்ச் போதும். வைஃபையை இதற்கு நம்ப வேண்டாம்.

ரவுட்டர் கட்டாயமில்லை. கருவிகளுக்கு வலையமைப்பு முகவரி வழங்க யாரும் இல்லாதபோது, பிளேயரும் லேப்டாப்பும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். ரவுட்டரைச் சேர்ப்பதானால் அதை முதலில் இயக்கிவிட்டுப் பிறகு மற்றவற்றை இயக்குங்கள். இல்லாவிட்டால் பாதிக் கருவிகள் 169.254 முகவரியிலும் மீதி 192.168 முகவரியிலும் நின்றுகொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கும்.

கேள்வி: சுவிட்சில் எல்லா விளக்குகளும் மின்னுகின்றன, பிளேயர்கள் இரண்டும் ஒன்றின் பென்டிரைவை மற்றொன்று படிக்கின்றன, ஆனால் பாடல் விவரத்தைப் பிளேயர்களிடமிருந்து பெற லேப்டாப்பில் நான் நிறுவிய பீட் லிங்க் டிரிகர் மென்பொருள் மட்டும் "பிளேயர் எதுவும் இல்லை" என்கிறது.

பதில்: பிளேயர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் கேபிளும் சுவிட்சும் சரியாகவே இருக்கின்றன, தடை லேப்டாப்பில்தான். முதலில் அதே லேப்டாப்பில் ரெக்கார்ட்பாக்ஸ் (பாடல்களை ஒழுங்குபடுத்திப் பென்டிரைவுக்கு ஏற்றுமதி செய்யும் மென்பொருள்) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இணைப்பு 50000, 50001, 50002 ஆகிய யூடிபி போர்ட்டுகளில் (தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாயில்கள்) நடக்கிறது. ரெக்கார்ட்பாக்ஸ் அவற்றைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு மென்பொருளுக்கு இடமிருக்காது. அடுத்து விண்டோஸ் ஃபயர்வால். ஈதர்நெட் இணைப்பு "பொது" வகையில் பதிவாகியிருந்தால் வரும் தகவலைச் சத்தமில்லாமல் தடுத்துவிடும். மேக் கணினியில் மேக்ஓஎஸ் 15 முதல், உள்ளூர் வலையமைப்பைப் பயன்படுத்தும் அனுமதியை ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனியாகத் தர வேண்டும். விபிஎன் இயங்கினால் அதையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, இந்த மென்பொருள் தன்னையே ஒரு பிளேயராகக் காட்டிக்கொள்கிறது என்கிறார்கள். நிகழ்ச்சியின் நடுவில் உண்மையான பிளேயர்களுக்கு இதனால் சிக்கல் வராதா?

பதில்: காரணம் தெரிந்துகொண்டு அமைத்தால் சிக்கல் வராது. வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவியும் சுமார் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன், என் எண் இது" என்று எல்லோருக்கும் அறிவிக்கிறது. எந்தப் பாடல் ஏற்றப்பட்டுள்ளது, ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்ற நிலைத் தகவலைப் பிளேயர்கள் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை அனுப்புகின்றன. ஆனால் அப்படி அறிவித்துக்கொண்ட கருவிகளுக்கு மட்டுமே அனுப்புகின்றன. ஆகவே சும்மா ஒட்டுக்கேட்டால் தாளத் துடிப்பு கிடைக்கும், பாடல் கிடைக்காது. கருவிகள் பேசிக்கொள்ளும் இந்த நெறிமுறையை நிறுவனம் வெளியிடவில்லை. ஜேம்ஸ் எலியட்டின் பீட் லிங்க், எவன் பர்கைசரின் புரோலிங்க்-கனெக்ட் போன்ற திறமூல முயற்சிகள், கருவிகளுக்கிடையே ஓடும் தரவுப் பொதிகளைப் பொறுமையாகப் பிரித்துப் படித்து இதைக் கண்டுபிடித்தன. அந்த உழைப்பின் மீதுதான் நாமெல்லாம் நின்று வேலை செய்கிறோம்.

கவனம் தேவைப்படும் இடம் எண் ஒதுக்கீடு. நிலைத் தகவலில் பாடலின் பெயர் இருக்காது, பென்டிரைவில் அந்தப் பாடலுக்குரிய எண் மட்டுமே இருக்கும். பெயர் வேண்டுமானால், அந்தப் பென்டிரைவ் செருகப்பட்ட பிளேயருக்குள் இயங்கும் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும். சிடிஜே-2000 தலைமுறைப் பிளேயர்கள் 1 முதல் 4 வரை எண் கொண்டவர்களுக்கே அந்தப் பதிலைத் தருகின்றன. இரண்டு அல்லது மூன்று பிளேயர்கள் இருந்தால் காலியாக உள்ள எண்ணை மென்பொருளுக்குக் கொடுக்கலாம். நான்கும் நிறைந்திருந்தால், பிளேயரின் கோப்புப் பகிர்வு வழியாக பென்டிரைவின் தரவுத்தளக் கோப்பையே நகலெடுத்துப் படிக்கும் முறை பீட் லிங்க் டிரிகரில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உண்மையான பிளேயர் ஒன்றின் எண்ணை மட்டும் ஒருபோதும் மென்பொருளுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த பாடலை ஏற்றியவுடனேயே அதன் பெயர் திரையில் வந்துவிடுகிறது. ஹெட்போனில் நான் கேட்டுப் பார்க்கும் பாடலெல்லாம் சபைக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: இந்தத் தொழிலின் உயிர்நாடியான கேள்வி இது. ஒரு திருமண வரவேற்பில் எனக்கும் இப்படி நடந்தது. மணமகளின் தந்தைக்காக ரகசியமாக வைத்திருந்த ஒரு பழைய பாடலை இரண்டாவது பிளேயரில் ஏற்றினேன். முதல் பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் மேடைக்குப் பின்னாலிருந்த திரையில் பெரிய எழுத்தில் வந்து நின்றது. அவர் தலை நிமிர்ந்து படித்துவிட்டுப் புன்னகைத்தார். பாடல் ஒலிக்கத் தொடங்கியபோது அவர் முகத்தில் வந்திருக்க வேண்டிய வியப்பு வரவில்லை. ஏற்றியது, ஓடுவது, சபைக்குக் கேட்பது மூன்றும் வெவ்வேறு என்று அன்றுதான் எனக்கு முழுமையாக உறைத்தது.

தீர்வு மிக்சரிடம் இருக்கிறது. டிஜேஎம்-900 நெக்சஸ் 2 போன்ற மிக்சரையும் லேன் கேபிளால் அதே சுவிட்சில் இணைத்தால், எந்தச் சேனலின் (ஒவ்வொரு பிளேயருக்குமான ஒலிப் பாதை) ஃபேடர், அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி, திறந்திருக்கிறது என்பதை அது அறிவித்துக்கொண்டே இருக்கும். இதற்கு "ஆன் ஏர்" என்று பெயர். ஃபேடரை ஏற்றும்போது பிளேயரின் சுழல்தட்டைச் சுற்றியுள்ள விளக்கு சிவப்பாக மாறுவதைக் கவனியுங்கள். அது மாறினால் தகவல் சரியாகப் போகிறது. இரண்டாம் எண் பிளேயரின் ஒலிக் கேபிள் மிக்சரின் இரண்டாம் சேனலில்தான் இருக்க வேண்டும். மாறியிருந்தால் திரையில் தவறான பாடலின் பெயர் வரும்.

மென்பொருளில் "ஓடுகிறது, ஆன் ஏரில் இருக்கிறது" என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும் பெயரை மாற்றுமாறு அமையுங்கள். அதிலும் ஃபேடர் தொட்ட கணத்தில் மாற்றாமல் எட்டு முதல் பத்து நொடி காத்திருக்கச் செய்வது என் வழக்கம். இரண்டு பாடல்களும் கலந்து ஒலிக்கும் நேரத்தில், பழைய பாடல் இறங்கும்வரை அதன் பெயரே நிற்பதுதான் கேட்பவருக்கு நேர்மையானது.

கேள்வி: என் மிக்சர் வேறு நிறுவனத்துடையது. அதில் லேன் துளையே இல்லை.

பதில்: அப்படியானால் ஆன் ஏர் தகவல் கிடைக்காது. ஓடத் தொடங்கி 30 நொடி தொடர்ந்து ஓடினால் பெயரைக் காட்டு என்று காத்திருப்பு நேரத்தைக் கூட்டிவையுங்கள். ஹெட்போனில் கேட்டுப் பார்ப்பது பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: டெனான் எஸ்சி6000 பிளேயருக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அது ஸ்டேஜ்லிங்க் என்ற வேறொரு நெறிமுறை. லேன் கேபிளும் சுவிட்சும் ஒன்றுதான், ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் மென்பொருளைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: தமிழில் எழுதிய பாடல் பெயர்கள் நேரலை மென்பொருளான ஓபிஎஸ் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

பதில்: பெயர்கள் பிளேயரிலிருந்து, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-16 வடிவில் வருவதால் தமிழ் வழியில் தொலைவதில்லை. ஓபிஎஸ் எழுத்துப் பகுதியில் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவித் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பாடகர் பெயர் வருகிறது. இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் காட்ட முடியுமா? நம் பாடல்களுக்கு அதுதானே முறை?

பதில்: முறைதான், நீங்கள் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தலைப்பு, கலைஞர், ஆல்பம், வகை ஆகியவற்றுடன் ரெக்கார்ட்பாக்ஸின் குறிப்புப் பகுதியில் எழுதியதும் இந்த இணைப்பு வழியாக வருகிறது. நான் "இசை: இன்னார், வரிகள்: இன்னார்" என்று ஒவ்வொரு பாடலுக்கும் அங்கே எழுதிவைத்து, திரையில் தலைப்புக்குக் கீழே அந்தப் பகுதியைக் காட்டுகிறேன். நூறு பாடலுக்கு எழுத ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். எழுதி முடித்ததும் பென்டிரைவுக்கு மீண்டும் ஏற்றுமதி செய்ய மறக்காதீர்கள். கணினியில் திருத்தியது தானாகப் பென்டிரைவுக்குப் போகாது. ரெக்கார்ட்பாக்ஸ் வழியாக வராமல் நேரடியாக நகலெடுத்த பாடல்களுக்கு இந்த விவரங்களை எதிர்பார்க்க முடியாது என்பதால், கடைசி நேரத்தில் யாராவது கொண்டுவந்து தரும் பென்டிரைவையும் முதலில் லேப்டாப்பில் செருகி, பாடல்களை ரெக்கார்ட்பாக்ஸில் சேர்த்து, உங்கள் பென்டிரைவுக்கு ஏற்றுமதி செய்த பிறகே பிளேயரில் போடுங்கள்.