பழைய மரப்பெட்டி வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்த பைன் மரப் பெட்டிகள் எங்கள் பக்கத்துப் பழைய மரக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. சிலவற்றை வாங்கி அடுக்களைக்கு ஒரு மளிகை அலமாரியும் பால்கனிக்குக் கீரைத் தொட்டியும் செய்ய ஆசை. மரத்தில் மருந்து அடித்திருப்பார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வாங்கலாமா?
- அம்பத்தூர் வாசகி

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன் பெட்டியின் நான்கு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் கட்டை மரப் பெட்டிகளில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டோ அச்சிட்டோ இருக்கும். அதில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், பூச்சி சாவதற்காக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வெறும் சூடுதான், மருந்து இல்லை. 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டிய மரம். அந்த வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும் என்றாலும், கீரைக்கும் மளிகைக்கும் அந்த மரம் வேண்டாம் என்பதே என் முடிவு. எச்.டி. பெட்டி கிடைக்கும்போது இதை ஏன் வாங்க வேண்டும்?

உள்நாட்டிலேயே சுற்றும் ஆப்பிள், தக்காளிப் பெட்டிகளில் முத்திரை இருக்காது. பிளைவுட் பெட்டிக்கும் அது கட்டாயமில்லை. அதனால் முத்திரை இல்லை என்பதற்காகவே ஒரு பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

முத்திரையைவிட நான் கவலைப்படுவது கறையைப் பற்றி. எச்.டி. மரத்தின் மேலும் எண்ணெயோ பூச்சிமருந்தோ கொட்டியிருக்கலாம். முகர்ந்து பாருங்கள். நெடி அடித்தாலோ கறை உள்ளே ஊறியிருந்தாலோ விட்டுவிடுங்கள், இழைத்தாலும் போகாது. எடைக்கு விற்கும் கடையில் ஈர மரத்தை எடுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். அது காய்ந்து சுருங்கும்போது நீங்கள் போட்ட இணைப்பும் வாய் பிளக்கும்.

பிரிக்கும்போது ஆணியைப் பிடுங்கினால் பைன் பலகை பிளந்துவிடும். இரண்டு பலகைக்கும் நடுவில் ஆக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள். 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று போனால் போதும். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும்; சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தரையில் விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய தேக்குப் பெட்டி விலை பேசியிருக்கிறேன். கால் வைத்து டீப்பாய் ஆக்கலாம் என்று எண்ணம். உண்மையிலேயே பழசா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- மதுரை வாசகர்

பதில்: மூடியைத் திறந்து கீலைப் பாருங்கள். பிளஸ் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 'நூறு வருஷப் பெட்டி'யில் எல்லாமே ஸ்டார் ஸ்க்ரூவாக இருந்தால், கீலை மாற்றியிருக்கிறார்கள் அல்லது பெட்டியே புதுசு. கை படுகிற மூடி விளிம்பும் கைப்பிடி ஓரமும்தான் அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அது சாயமாக இருக்கலாம். 'பழைய தேக்கு' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வேறு மரம் என்று தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அந்தப் பில் வேண்டும்.

பெட்டி நிஜமாகவே பழசு என்றால் தயவுசெய்து அதில் துளை போடாதீர்கள். தனியாக ஒரு சட்டம் செய்து, பெட்டியை அதன் மேல் வையுங்கள். பெயின்ட் அடித்த பெட்டியானால் உலர்வாக உப்புத்தாள் போடவும் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் உள்ள வீட்டில் அது பெரிய ஆபத்து.

கேள்வி: வாங்கிய பெட்டியில் குண்டூசித் துளைகள், கீழே மாவு கொட்டுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
- நாகர்கோவில் வாசகி

பதில்: வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், உள்ளே இருக்கும் புழு வரை அது எட்டுவதும் சந்தேகம். பெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து, கறுப்புத் தாள் மேல் சில வாரம் தனியாக வையுங்கள். மாவு மறுபடி விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது. திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள், மற்ற மரச் சாமான்களோடு மட்டும் சேர்த்து வைக்காதீர்கள்.