வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் அறிவியல் புனைவு விருதுகள் எப்படி நடக்கின்றன? அதில் நியாயம் இருக்குமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் எங்கேயோ ஒரு கதை அனுப்பி, லைக் கணக்கில் தோற்று, சூடு ஆறுவதற்குள் இங்கே வந்து கேட்டவர் போலத் தெரிகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நானும் தோற்றவன்தான். முதல் தடவை ஒரு வேனிடம், இரண்டாவது தடவை நானே எழுதிய விதியிடம்.

முதலில் கேட்டதற்குப் பதில். இந்த வகை விருதுகளில் பெரிய பெயர் ஹ்யூகோ. 1926-ல் அமேசிங் ஸ்டோரீஸ் பத்திரிகையைத் தொடங்கிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயரில், 1953-லிருந்து கொடுக்கிறார்கள். நடுவர் குழு கிடையாது. வருடத்துக்கு ஒரு ஊரில் கூடும் வேர்ல்ட்கான் மாநாட்டின் உறுப்பினர்கள்தான் கதைகளை முன்மொழிவதும் ஓட்டுப் போடுவதும். மாநாட்டுக்கு நேரில் போகாமல் ஓட்டுக்காக மட்டும் பணம் கட்டியும் உறுப்பினர் ஆகலாம். ஜெயித்தவருக்குப் பணமுடிப்பு இல்லை, ராக்கெட் வடிவத்தில் ஒரு கோப்பை மட்டும்தான். நெபுலா விருது வேறு. அது எழுத்தாளர் சங்கத்து உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஓட்டு.

ரசிகர் ஓட்டு என்றதும் மதுரையில் கட்அவுட்டும் பாலாபிஷேகமும்தான் நினைவுக்கு வரும். ஹ்யூகோவில் ரசிகர் என்றால் வருடத்துக்கு ஐம்பது புத்தகம் வாங்கிப் படித்துவிட்டுச் சண்டை போடுகிறவர். சண்டை விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

இனி என் கதை. மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். செல்லூரில் ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடிக் கதை படிக்கும் கூட்டம் எங்களுடையது. வைகை அணைத் தண்ணீரைத் தெர்மாகோல் போட்டு மூடப் பார்த்த வட்டாரம் இது, அறிவியல் புனைவுக்குப் பஞ்சமா என்று சொல்லிக்கொண்டு 2023-ல் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தோம். ஐம்பது ரூபாய் கட்டினால் உறுப்பினர். உறுப்பினர் என்றால் ஒரு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய கதைக்கு ஷீல்டு. விதி அவ்வளவுதான். எழுதியது நான்.

ஓட்டு நாளன்று வழக்கமாக வருகிற நாங்கள் 19 பேர் உட்கார்ந்திருந்தோம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. எங்கள் கூட்டத்துக்கு வரும் நண்பர் ஒருவர், அவருடைய சொந்தபந்தம் 26 பேரோடு இறங்கினார். ஆளுக்கு ஐம்பது, மொத்தம் 1,300 ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார். அவருடைய அப்பத்தா ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: “ஏப்பா, நம்ம பயலுக்கு என்ன சின்னம்?”

அவருக்கு 27 ஓட்டு. எனக்கு 6.

பொறாமை என்று இப்போதே கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தக்காரர்கள் வாசகர்களாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் எந்த விதியையும் மீறவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், நானும் சாப்பிட்டேன். ஆனால் அந்த 26 பேரில் ஒருவர்கூட ஒரு கதையையும் படிக்கவில்லை, அவர் கதை உட்பட. எனக்கு உறுத்தியது அது ஒன்றுதான்.

2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்லையே தமிழ்நாட்டுக்குக் கொடுத்த மாவட்டம் எங்களுடையது. அதனால் இது நம்ம ஊர் வியாதி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஹ்யூகோவைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான், நம்ம ஆட்கள் பச்சைப்பிள்ளைகள் என்று புரிந்தது.

ஹ்யூகோவில் முதல் கட்டம் முன்மொழிவு. நாவல், சிறுகதை என்று ஒவ்வொரு வகையிலும் ஐந்து பெயர் வரை எழுதலாம். உலகத்தில் வருடத்துக்கு எத்தனையோ ஆயிரம் கதை வருகிறது, ஆளுக்கு ஒன்றைப் பிடித்திருக்கும், ஓட்டு சிதறும். சிதறும் இடத்தில் ஒரு இருநூறு பேர் ஒரே பட்டியலை வரி மாறாமல் எழுதிப் போட்டால்? பட்டியல் அப்படியே இறுதிக்குப் போய்விடும். 2015-ல் சேட் பப்பீஸ், ரேபிட் பப்பீஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட இரண்டு அணிகள் இதைத்தான் செய்தன. சில வகைகளில் இறுதிப் பட்டியல் முழுக்க அவர்களுடைய ஆட்கள். கோபம் வந்த மற்ற உறுப்பினர்கள் ஓட்டுச் சீட்டிலேயே இருக்கும் ‘விருது இல்லை’ என்ற இடத்துக்குக் குத்தினார்கள். அந்த வருடம் 5,950 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஐந்து வகைகளில் யாருக்கும் விருது இல்லை.

நம் நோட்டா ஞாபகம் வரும். 2013-ல் வந்த நம் நோட்டா, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் முதலிடம் பிடித்தாலும் அடுத்து நிற்கிறவர் ஜெயித்துவிடுவார். ஹ்யூகோ நோட்டா அப்படிப் பல் இல்லாதது இல்லை. அது ஜெயித்தால் ஜெயித்ததுதான்.

அதே 2015-ல் இன்னொன்றும் நடந்தது. பட்டியல் புண்ணியத்தில் நாவல் பிரிவின் இறுதிக்கு வந்திருந்த மார்க்கோ குளூஸ் என்ற எழுத்தாளர், இந்த வழியில் வந்த இடம் வேண்டாம் என்று தானே விலகினார். காலியான இடத்துக்கு லியூ சிக்சின் என்ற சீன எழுத்தாளரின் நாவல் வந்தது. அதுவே ஜெயித்தது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. இந்த குளூஸ் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு வலிக்கப் போகிறது.

விதியை மாற்றவும் அங்கே ஒருவர் நினைத்தால் முடியாது. ஒரு வருட மாநாட்டில் நிறைவேற்றியதை அடுத்த வருடக் கூட்டமும் ஏற்க வேண்டும். அப்படி 2017-லிருந்து வந்த கணக்கு கொஞ்சம் சுற்றும், பரோட்டாவை வைத்துச் சொல்கிறேன். ஒரு வகைக்கு உங்கள் சீட்டுக்கு ஒரு பரோட்டா. ஒரு கதையை மட்டும் எழுதினால் முழுசாக அதற்கு. ஐந்து எழுதினால் ஆளுக்கு ஐந்தில் ஒரு துண்டு. எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் நிற்கும் இரண்டு கதைகளை எடுத்து, இரண்டில் எது குறைந்த சீட்டில் இருக்கிறதோ அதைத் தூக்குவார்கள். தூக்கியதன் துண்டு அதே சீட்டில் மிச்சமிருக்கும் கதைகளுக்குப் போகும். ஆறு கதை மிஞ்சும் வரை இதேதான். பட்டியல் கூட்டம் தன் ஐந்து பேருக்கே பங்கு வைக்க வேண்டியிருப்பதால் மொத்த இலையையும் வழிக்க முடியாது. ஒன்றிரண்டு உள்ளே வரும், அதைத் தடுக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வேன் வராமல் இல்லை. 2024 கிளாஸ்கோ வேர்ல்ட்கானில் வந்த 3,813 ஓட்டில் 377-ஐத் தள்ளுபடி செய்தார்கள். ஒரே ஒரு போட்டியாளருக்குச் சாதகமாக விழுந்தவை. கண்டுபிடித்த விதம்தான் அழகு. வரிசையாகச் சில பெயர்களில் குடும்பப் பெயர் ஒன்றேதான், முதல் எழுத்து மட்டும் அகர வரிசைப்படி மாறிக்கொண்டே போகிறது. இன்னொரு கொத்துப் பெயர்களை மொழிபெயர்த்துப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். உறுப்பினர் கட்டணம் 45 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள், எங்கள் 1,300 ரூபாய் எந்த மூலைக்கு. அந்தப் போட்டியாளருக்கு இதில் தொடர்பு இருந்ததாக ஆதாரம் இல்லை என்றும் சொன்னார்கள், பெயரையும் வெளியிடவில்லை.

மிச்சமிருந்த 3,436-ல் ஒன்று என்னுடையது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கை மகன் கட்டணத்தைக் கட்டிவிட்டான். ஓட்டுப் போடுகிறவர்கள் படிப்பதற்காகவே இறுதிக் கதைகளை மின்நூலாக ஒரு பொட்டலம் அனுப்புகிறார்கள். அகராதியை ஒரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு சிறுகதைகளை மட்டும் படித்து முடித்தேன். அங்கே சிறுகதை என்றால் 7,500 சொல்லுக்குள். நாவல் என்றால் 40,000-க்கு மேல். நடுவில் இரண்டு அளவு இருக்கிறது, எனக்கு நேரமில்லை.

நேரமில்லாததற்குக் காரணம் ஆய்வேடுகள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 300 பக்கத்தைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி கொண்டுவந்து யூனிகோடாக மாற்றிக் கொடு என்கிறார்கள். மாற்றினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம். அத்தனையையும் உட்கார்ந்து திருத்துவேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சுக்குக் காசு உண்டு, திருத்தத்துக்கு உண்டா? “அதான் கம்ப்யூட்டரே மாத்திருதுல்லண்ணே” என்பான். நன்றியுரையில் நாய்க்குட்டி பெயர்கூட வரும், டிடிபிக்காரன் பெயர் வராது. சரி, விடுங்கள்.

2024 டிசம்பரில் இரண்டாவது போட்டி. நான் படித்த பெருமையில் ஹ்யூகோவின் இறுதிச் சுற்று விதியை அப்படியே தமிழில் அடித்துக் கொண்டுபோனேன். ஒரு பெயருக்கு டிக் அடிப்பது கிடையாது, 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். ‘விருது இல்லை’யும் வரிசையில் ஒரு ஆள். முதலிடம் குறைவாக வாங்கியதைத் தூக்கி, அந்தச் சீட்டுகளை அவரவர் அடுத்த விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் சீட்டில் யாராவது பாதியைத் தாண்டும் வரை. தாண்டிய பிறகும் ஒரு கடைசிச் சோதனை உண்டு: ஜெயித்த கதையை ‘விருது இல்லை’க்கு மேலே வைத்தவர்கள் எத்தனை பேர், கீழே வைத்தவர்கள் எத்தனை பேர்? கீழே வைத்தவர்கள் அதிகம் என்றால் விருது கிடையாது.

இறுதிக்கு மூன்று கதைகள். என்னுடையது, வேன் நண்பருடையது, ஒரு கல்லூரி மாணவியுடையது. அந்த வருடம் வேன் வரவில்லை, அறுப்பு நேரம். வந்த ஓட்டு 33.

எனக்கு 14, நண்பருக்கு 9, மாணவிக்கு 7, விருது இல்லைக்கு 3. முதலில் ‘விருது இல்லை’ வெளியே போனது. அந்த மூன்று சீட்டிலும் அடுத்து எதுவும் எழுதவில்லை. அடுத்தது மாணவி. அவருடைய ஏழு சீட்டில் நான்கு நண்பருக்குப் போயின, மூன்றில் அடுத்த இடம் ‘விருது இல்லை’, அது ஏற்கெனவே வெளியே. ஆக எனக்கு 14, அவருக்கு 13. ஒரு ஓட்டில் ஜெயித்துவிட்டேன். நாற்காலியில் இருந்து பாதி எழுந்தும்விட்டேன். டியூஷன் சென்டர் மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “சார், கடைசியா ஒரு சோதனை இருக்குன்னு போட்டிருக்கீங்களே” என்றார்.

மறுபடி எண்ணினோம். என்னை ‘விருது இல்லை’க்கு மேலே வைத்தவர்கள் 15. கீழே வைத்தவர்கள் 18.

மூன்று தடவை எண்ணினேன். அதேதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அங்கே இருந்த யாராவது இங்கே வந்து சொல்வார்கள். என் கதையில் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு தேர்தல். ஒருவர் உறவினர்களை விண்கலத்தில் ஏற்றிக்கொண்டு வந்து ஓட்டுப் போடவைக்கிறார். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்று அன்று சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த 14 முதலிடமும் சும்மா வரவில்லை. முந்தின நாள் சிலருக்குப் போன் செய்து ஞாபகப்படுத்தினேன். ஓட்டுக் கேட்கவில்லை, ஞாபகம்தான் படுத்தினேன், வித்தியாசம் இருக்கிறது. எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அப்புறம் ஹ்யூகோவில் விருதை நிர்வகிக்கும் குழுவில் இருப்பவர் போட்டியில் நிற்க முடியாது என்று ஒரு விதி உண்டு. அதை மட்டும் நான் தமிழில் அடிக்கவில்லை. சீட்டை அச்சடித்தது, வசூலித்தது, எண்ணியது, போட்டியிட்டது எல்லாம் நானே. குளூஸ் விலகினார். எனக்கு அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நிர்வாகிகள் கையில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமும் இருக்கிறது. 2023 செங்டு வேர்ல்ட்கானில் ஆர். எஃப். குவாங்கின் நாவல் உட்படச் சிலவற்றைத் தகுதியில்லை என்று காரணம் சொல்லாமல் ஒதுக்கினார்கள். 2024 ஜனவரியில் முழுக் கணக்கு வெளிவந்தபோதுதான் அது தெரிந்தது. அடுத்த மாதம் கசிந்த மின்னஞ்சல்களில், எழுத்தாளர்களின் அரசியலை நிர்வாகிகள் தோண்டிப் பார்த்தது அம்பலமானது. ஓட்டுக் கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால்தான் அதுவும் பிடிபட்டது. நியாயம் இருக்குமா என்று கேட்டீர்களே, நான் அந்த விதியைத்தான் காட்டுவேன். எங்கள் கணக்கையும் மாடிச் சுவரில் ஒட்டினேன், 15, 18 உட்பட.

ஷீல்டு முன்கூட்டியே செய்து வாங்கியது, 850 ரூபாய். ‘அறிவியல் புணைவு’ என்று மூன்று சுழி போட்டுப் பொறித்திருந்தார்கள். ஊரெல்லாம் பிழை திருத்துகிறவன் அதைக் கவனிக்கவில்லை. இப்போது கடையில் ஆய்வேட்டுத் தாள்கள் மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன்.

போன மாதம் வேன் நண்பர் கடைக்கு வந்தார். ஒரு நாவல், கையெழுத்துப் பிரதி. திருத்தத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்த ஒரே ஆள். கிளம்பும்போது, “இந்த வருசம் வேன் வச்சா ஒண்ணும் சொல்ல மாட்டீகளே?” என்றார். நான் போட்டியிலும் இல்லை, எண்ணுவதிலும் இல்லை, ஆனால் வேனில் வருகிற எல்லோரும் எல்லாக் கதையையும் வரிசைப்படுத்த வேண்டும் என்றேன். “அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதே” என்றார். படித்துக் காட்டச் சொன்னேன். சோதனைக்காக, அந்த இரண்டாவது போட்டியின் கதைகள் மூன்றையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று போன் செய்தார். மூன்றையும் படித்துக் காட்டினாராம். அப்பத்தாவுக்கு அந்தக் கல்லூரிப் பிள்ளை எழுதியதுதான் பிடித்திருக்கிறதாம்.