பியர் காய்ச்ச மின்சார அண்டா அமைப்பது எப்படி? ஊரிலேயே ஒத்திகை பார்க்கலாமா?

கேட்டவர் வேலைக்காக மெல்பர்ன் போகிறார். அங்கே தானியத்தைத் துணிப்பையில் ஊறவைக்கும் பை முறையில் பியர் காய்ச்ச ஒரு மின்சார அண்டா அமைக்க ஆசைப்படுகிறார். கிளம்புவதற்கு முன் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை வீட்டில் ஒருமுறை செய்து பார்க்கலாமா என்கிறார். நானும் அந்தப் பக்கம்தான். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், டீக்கடை பாய்லரும் மண்டபத்து வெந்நீர் அண்டாவும் செய்து தருகிறேன். மெல்பர்னில் இருக்கும் என் மச்சினனின் அண்டாவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

முதலில் சட்டம். வேண்டாம் தம்பி, இங்கே பியர் வடிக்காதீர்கள். கேரளத்தில் அப்காரி சட்டம், வேலந்தாவளம் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் 1937 மதுவிலக்குச் சட்டம். இரண்டிலுமே லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பக்கத்துச் சித்தூர் தோப்புகளிலிருந்து கள் போகிறதே என்றால், அதுவும் லைசென்ஸும் பெர்மிட்டும் வைத்துத்தான் போகிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குப் பியர் காய்ச்சத் தடை இல்லை, விற்கக்கூடாது, அவ்வளவுதான். இங்கே ஒத்திகை பார்க்க ஆசையாக இருந்தால் முளைகட்டிக் காயவைத்த ராகியைக் கொரகொரப்பாக உடைத்து, ஈஸ்ட் போடாமல், இனிப்புச் சாறு எடுப்பது வரை செய்யலாம். சுக்கு தட்டிப் போட்டால் பிள்ளைகளும் குடிப்பார்கள். அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிட வேண்டும். நம் வெயிலுக்கு வெளியே வைத்தால் தானாகவே நுரைத்துப் புளித்துவிடும்.

பை முறை என்பது சுலபமானது. வழக்கமாக வெந்நீருக்கு ஒன்று, தானியம் ஊற ஒன்று, கொதிக்க ஒன்று என்று மூன்று பாத்திரம் வேண்டும். ஒரே அண்டாவில் துணிப்பைக்குள் தானியத்தை ஊறவைத்து, பையைத் தூக்கிவிட்டு, மிச்சமிருக்கும் சாற்றை அதிலேயே கொதிக்க வைக்கும் வழியைப் பரப்பியவர்கள் ஆஸ்திரேலியாவின் வீட்டுக் காய்ச்சல்காரர்கள். கடைசியில் 20 லிட்டர் பியர் வேண்டுமென்றால் 5 கிலோ மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), 30 லிட்டர் தண்ணீர் என்று தொடங்குங்கள். தானியம் நாலைந்து லிட்டர் குடித்துவிடும், ஒரு மணி நேரக் கொதிப்பில் மூன்று நாலு லிட்டர் ஆவியாகும். அண்டா 40 லிட்டருக்குக் குறையக்கூடாது, 50 இருந்தால் நிம்மதி. கொதி வரும் நேரத்தில் நுரை ஒரேயடியாகப் பொங்கும்.

இனி கரன்ட். எனக்குக் கவலையெல்லாம் இதில்தான். அண்டா சரியில்லை என்றால் பியர்தான் கெடும், வயரிங் சரியில்லை என்றால் உயிர் போகும்.

கணக்கு எளிது. ஒரு யூனிட் கரன்ட் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். நம் ஊரில் 28 டிகிரியில் இருக்கும் 30 லிட்டரை 70க்குக் கொண்டுபோக ஒன்றரை யூனிட். 3000 வாட் எலிமென்ட் போட்டால் அரை மணி நேரம், வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் அது 230 வோல்ட் வரும்போதுதான். தோப்பு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் எலிமென்ட்டின் சக்தி 2050 வாட் அளவுக்கு விழுந்துவிடும், ஏனென்றால் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. எலிமென்ட் கெட்டுப்போச்சு என்று கழற்றிக்கொண்டு கடைக்கு வருகிற பலருக்கும் நான் மீட்டரை வைத்துக் காட்டுவது இதைத்தான்.

3000 வாட் என்றால் 13 ஆம்பியர். ஏசி, கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்; எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மெல்பர்னில் வோல்டேஜ் இதேதான், ஆனால் அங்கே சாதாரண சாக்கெட் 10 ஆம்பியர். அதில் 2400 வாட் வரைதான் தாங்கும். 15 ஆம்பியர் சாக்கெட்டின் எர்த் பின் பெரிதாக இருக்கும், பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே 2400 வாட்டுக்கே திட்டம் போடுங்கள். குளிர்காலத்துக் குழாய்த் தண்ணீரை 70க்குக் கொண்டுவர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அண்டாவைச் சுற்றி சூடு காக்கும் போர்வை கட்டினால் கொதியும் நன்றாக நிற்கும்.

எர்த் கம்பி அண்டாவின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். லோடு கூடினால் விழும் எம்சிபி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆர்சிசிபி காப்பாற்றுவது மனிதனை. ஈரக் கையும் எவர்சில்வரும் சேர்ந்த வேலை இது. காய்ச்சும் ஒவ்வொரு நாளும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, டப்பென்று விழுகிறதா என்று பார்த்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

எலிமென்ட்டுக்குத் துளை போடும்போது படிப்படியாகத் துளையைப் பெரிதாக்கும் ஸ்டெப் டிரில் நன்று. உள்ளே சிலிகான் வாஷர் போடுங்கள், சாதா ரப்பர் சூட்டில் வாடை விடும். எலிமென்ட் நீளமாக, மடித்து மடித்து வந்ததாக இருந்தால் ஒரே இடத்தில் சூடு குவியாது, சர்க்கரை கருகாது. அதற்கு மேலே இட்லித்தட்டு போல ஓட்டை போட்ட ஒரு எவர்சில்வர் தட்டு, பை எலிமென்ட்டைத் தொடாமல் இருக்க. தண்ணீருக்கு வெளியே எலிமென்ட் தெரிந்தால் சுவிட்சைப் போடவே கூடாது.

சூட்டைப் பிடித்து வைக்க பிஐடி கன்ட்ரோலர் (சூட்டைப் பார்த்துக் கட்டளை கொடுப்பது), எஸ்எஸ்ஆர் (அதன்படி எலிமென்ட்டை ஆன், ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச்), பிடி100 சென்சார் (சூட்டை அளப்பது) மூன்றும் போதும். எஸ்எஸ்ஆர் 40 ஆம்பியராக வாங்கி, சூட்டை வெளியே தள்ளும் ஹீட் சிங்க்கில் பதித்து விடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் ஆஃப் என்று காட்டும், எலிமென்ட் காய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே முன்னால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் ஒரு டபுள் போல் மெயின் சுவிட்ச் வேண்டும், வேலை முடிந்ததும் அதைத்தான் அணைக்க வேண்டும்.

காய்ச்சும் அன்று: பார்லி மால்ட்டுக்கு ஊறல் சூடு 65இலிருந்து 68 டிகிரி, ஒரு மணி நேரம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அந்தச் சூட்டில்தான் வேலை செய்யும். 28 டிகிரி மால்ட்டைக் கொட்டினால் தண்ணீர் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். ஆகவே 67 வேண்டுமென்றால் 70க்குக் கொண்டுபோய் எலிமென்ட்டை அணைத்துவிட்டுக் கொட்டுங்கள். கட்டி தட்டாமல் கிளறுங்கள். கொதிக்கும்போது கன்ட்ரோலரைச் சூட்டுக்கு வைக்காமல், எலிமென்ட்டின் சக்தியைச் சதவீதத்தில் வைக்கும் மேனுவலுக்கு மாற்றுங்கள். உயரமான ஊர்களில் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அந்த எண் வரவே வராது.

பைக்குச் சாயம் போடாத வெள்ளை பாலியஸ்டர் வாயில் (voile) எனும் மெல்லிய துணி, அடியும் பக்கமும் இரட்டைத் தையல். ஊறிய பை 10 கிலோ கனக்கும், சுடுநீர் சொட்டும். கையால் தூக்க வேண்டாம். மேலே கொக்கியில் ஒரு கிணற்றுக் கப்பி மாட்டி, கயிற்றில் இழுத்துக் கட்டி, பத்து நிமிடம் வடியவிடுங்கள்.

எலிமென்ட்டில் வெள்ளையாக உப்புப் படிந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள், சுரண்ட வேண்டாம். மெல்பர்ன் போனதும் 15 ஆம்பியர் சாக்கெட் வேண்டுமென்று தோன்றினால், அங்கே லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் அதைப் போட முடியும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அந்த எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள். பிளக், எலிமென்ட் விவரத்தை கமென்ட்டில் போட்டால் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.